அம்மாச்சியின் பின்கட்டு

திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்தின் முன்பக்கம் யாழ்ப்பாணத்தில் யாருக்குத்தான் தெரியாது? வரிசையாக அடுப்புகள், அடுப்புக்குப் பின்னால் பெண்கள், எதிரே பல்கலைக்கழகப் பிள்ளைகளும் கந்தோர்க்காரரும் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு ஓடும் அம்மாமாரும். தோசை கண்ணுக்கு முன்னாலேயே வேகும், சுடச்சுடத் தட்டுக்கு வரும். அந்த மேசை வரைக்கும்தான் எங்களுக்கு அனுமதி. மேசைக்கு அங்கால் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்குத் தீராத ஆசை. கேட்டுப் பார்த்தேன். “வந்து நில்லுங்கோ பிள்ளை. ஆனா வேலை செய்யிற ஆக்களின்ர காலுக்குள்ள நிக்கக்கூடாது” என்று பதில் வந்தது. துள்ளிக்கொண்டு போனேன். நீங்களும் என்னோடு வாருங்கள். செருப்பைக் கழற்றி ஒரு ஓரமாக வையுங்கள். தலைக்கு இந்த வலைத்தொப்பியைப் போடுங்கள். ஓம், எல்லாருக்கும் அது கோமாளித்தனமாகத்தான் இருக்கும். சிரிக்காதீர்கள், அவர்கள் ஏற்கனவே எங்களைப் பார்த்துச் சிரித்து முடித்துவிட்டார்கள்.

வெளியே இன்னும் இருட்டு. பலாலி வீதியில் முதல் பஸ்கூட ஓடத் தொடங்கவில்லை. உள்ளே மட்டும் திருவிழா! ஒரு பக்கம் கிறைண்டர் கடமுடவென்று உழுந்து அரைக்கிறது. அதன் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் கதைக்க வேண்டியிருப்பதால், இரகசியம்கூட இங்கே உரத்த குரலில்தான் போகிறது. யாருடைய மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், யாருடைய கிணற்று மோட்டர் எரிந்துபோனது, எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

முன்பக்கத்தில் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும் அல்லவா? பின்கட்டைப் பாருங்கள். சுவரில் அடித்த ஆணிகளில் கைப்பைகள், மாற்றுச் சட்டைகள், ஒரு மழைக்கோட்டு. மாப்பெட்டிகளுக்கு நடுவே சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் தொலைபேசிகள். ஒவ்வொன்றின் மேலும் மா. பிள்ளையார் படத்துக்குச் செவ்வரத்தம்பூ. அதற்குக் கீழே ஒரு பள்ளிக்கூடக் கொப்பி திறந்தபடி கிடக்கிறது. யாரோ ஒரு தாய் பெருக்கல் கணக்குத் திருத்திவிட்டு அப்படியே விட்டிருக்கிறாள். விடையொன்றின் மேல் தேங்காய்ப்பூ ஒட்டியிருக்கிறது. மூலையில் சுளகு, அரிதட்டு, பனையோலைக் கடகம், உடைந்த இடியப்ப உரல் ஒன்று. “ஏன் அதை எறியேல்லை?” என்று கேட்டேன். “அதுதான் முதல் உரல். எறிய மனம் வரேல்லை” என்றார் ஒருவர். “பொய்! அதைத் திருத்தித் தாறன் எண்டு இவவின்ர மனுசன் சொல்லி எவ்வளவு காலம்” என்றார் மற்றவர். கொல்லென்று சிரிப்பு.

இந்தச் சிரிப்புக்கு நடுவே நிற்கிற, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்த அக்காதான் எங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றப்போகிறவர். ஆரம்ப நாள்களிலிருந்து இங்கே நிற்பவர்களில் ஒருவர். பெயரைக் கேட்டு எழுதப் பேனையை எடுத்தேன். கையை அப்படியே பிடித்து நிறுத்திவிட்டார். “என்ர பேர் போட்டா இவளின்ர பேரும் போடோணும், அவளின்ர பேரும் போடோணும். பிறகு லீவில நிக்கிறவள் கோவிப்பாள். உங்கட புத்தகம் காணாது.” ஆகவே அவர் இந்தக் கட்டுரை முழுக்க அக்காதான்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அம்மாச்சிக்கு ஒரே ஒரு நிறுவுநர் என்று சுட்டிக்காட்ட ஆள் இல்லை. விவசாயத் திணைக்களம் தெற்கில் ‘ஹெல பொஜுன்’ என்ற பெயரில் பெண்களைக்கொண்டு நடத்தும் பாரம்பரிய உணவகங்கள் உண்டு. அதையே வடமாகாண சபை இருந்த காலத்தில், மாகாண விவசாய அமைச்சராக பொ. ஐங்கரநேசன் இருந்தபோது, இங்கே ‘அம்மாச்சி’ ஆக்கினார்கள். பெயர்ப்பலகையில் எந்தப் பெயர் வருவது என்று கொஞ்சம் அரசியல் இழுபறியும் நடந்தது. கடைசியில் தாயின் தாய்தான் வென்றார்! இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வன்னியிலும் அம்மாச்சிகள் இருக்கின்றன. கட்டடமும் ஒழுங்கும் அரசினுடையவை. சமையலும் விற்பனையும் உழைப்பும் பெண்களுடையவை. போரில் கணவனை இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியே தலைமேல் சுமப்பவர்கள் பலர் இந்த அடுப்புகளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். மைதா இல்லாத, மச்சம் இல்லாத, எங்கள் ஊர்ச் சாப்பாடு. திறப்புவிழாப் படங்களில் நாடா வெட்டியவர்கள் நடுவில் நிற்பார்கள். விடிய முன்னர் எழும்பி வந்து உழுந்து அரைப்பவர்கள் எந்தப் படத்திலும் இல்லை. என்னைக் கேட்டால் நிறுவுநர்கள் என்ற பட்டம் இவர்களுக்குத்தான் பொருந்தும்.

சரி, வாருங்கள், புட்டுப் பக்கம் போவோம். இதைக் கிட்ட நின்று பார்க்காவிட்டால் வந்ததே வீண்.

பெரிய சருவச்சட்டியில் வறுத்த சிவப்பரிசி மா. கொதித்த தண்ணீரைச் சுற்றிவரத் தெளித்து, அகப்பைக் காம்பால் கிண்டுகிறார். மா திரளத் தொடங்குகிறது. கை வைக்கிற சூடு வந்ததும் கையால் பிசிறுகிறார். பிறகுதான் வித்தை: வாய் கூரான ஒரு சுண்டை எடுத்து, திரண்ட மாவைக் கொத்துகிறார். டக், டக், டக், டக். கண் வேறெங்கோ, வாய் வேறு யாருடனோ கதைக்கிறது, கை மட்டும் பிசகாமல் கொத்துகிறது. மாக் கட்டி சின்னச் சின்னக் குறுணியாக உடைகிறது. எல்லாம் ஒரே அளவு. கொத்தியதை நீத்துப்பெட்டிக்குள் தேங்காய்ப்பூவோடு மாறி மாறிப் போட்டு ஆவிக்கு ஏற்றுகிறார். பனையோலை சூடாகும்போது ஒரு வாசம் வருமே, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் இந்நேரம் மூக்குக்கு வந்திருக்கும். நானும் கொத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். தந்தார். நான் கொத்தியதைப் பார்த்துவிட்டு, “இது புட்டு இல்லை பிள்ளை, கொழுக்கட்டை” என்று தீர்ப்புச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் மிச்சம் விளங்கும். அப்பம் சுடுகிறவரின் வருமானம் வேறு, வடைக்காரியின் வருமானம் வேறு. அவரவர் பண்டம், அவரவர் செலவு, அவரவர் கை. அப்படிப் பார்த்தால் இவர்கள் ஒரே கூரைக்குக் கீழே நிற்கும் போட்டிக்காரர்கள். எனக்கு முன்னால் நிற்கிறவன் ஐந்து தோசை வாங்கினால் பக்கத்து அடுப்புப் புட்டு மிஞ்சும். அடிபிடி நடக்கவேண்டிய இடம். ஆனால் நான் கண்ட காட்சி இது: அப்பக்காரிக்குப் பால் பிழியத் தேங்காய்ப்பூ முடிகிறது. தலையைத் திருப்பாமலே கையை நீட்டுகிறார். சொதி வைக்கும் பெண், கேள்வியே இல்லாமல், தன் தேங்காய்ப்பூக் கிண்ணத்தை அந்தக் கையில் வைக்கிறார். அப்பக்காரி எதையோ முணுமுணுக்கிறார். நான் கிட்டப் போய்க் காது கொடுத்தேன். “அரைத் தேங்காய், அரைத் தேங்காய்” என்று தனக்குத்தானே சொல்லி மனதில் பதிகிறார்!

“எழுதி வைக்கிறேல்லையா?”

“எழுதினாச் சண்டை வரும்” என்றார் அக்கா. “மனசில வைச்சிருந்தா ரெண்டு பேரும் கொஞ்சம் கூட்டித்தான் திருப்பிக் குடுப்பம். குறைச்சுக் குடுத்திட்டமோ எண்டு பயம்.”

இதைக் கேட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். அதற்காக ஏச்சும் வாங்கினேன்; நின்ற இடம் வடைத் தாச்சிக்குப் போகும் வழி.

தேங்காய் என்றால் இலேசான சாமான் என்று நினைக்காதீர்கள். 2024 கடைசியில் தேங்காய் விலை இருநூறு ரூபாவையும் தாண்டிப் போனபோது இந்தப் பின்கட்டில் ஒரு மந்திரிசபைக் கூட்டமே நடந்ததாம். சம்பலைக் குறைப்பதா, விலையைக் கூட்டுவதா? விலையைக் கூட்டினால் கம்பஸ் பெடியள் பாணும் வாழைப்பழமும் என்று போய்விடுவார்கள். சம்பலைக் குறைத்தால் “அம்மாச்சியும் கள்ளம் பண்ணுது” என்று பேர் வரும். கடைசியில் வீட்டில் தென்னை நிற்பவர்கள் தங்கள் தேங்காயைக் கொண்டுவந்து, சந்தை விலைக்குக் குறைவாக மற்றவர்களுக்குத் தந்தார்களாம். சும்மா தரவில்லை, கவனியுங்கள். விற்றார்கள்.

“ஏன் சும்மா குடுத்திருக்கலாமே?” என்று நான் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் படிப்பு முழுக்க ஆவியாகிவிட்டது.

“சும்மா குடுத்தா அடுத்த தரம் அவள் கேக்க மாட்டாள். கூச்சப்படுவாள். கடன் எண்டோ விலை எண்டோ சொல்லிக் குடுத்தாத்தான் நாளைக்கும் வாய் துறந்து கேப்பாள். அவள் கேட்டாத்தானே நாளையிண்டைக்கு நான் போய் அவளிட்டக் கேக்கலாம்?”

அடுப்படியில், ஒரு கையில் அகப்பையோடு, இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய் இடியப்பத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

விடிந்துவிட்டது. வெளியே சூன் பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறது. உள்ளே எல்லார் நெற்றியிலும் வியர்வை, முதுகில் சட்டை ஒட்டியிருக்கிறது. கரண்ட் காற்றாடி ஒன்று சுற்றுகிறது; ஆனால் அதைத் தோசைக்கல் பக்கம் திருப்பினால் நெருப்பு ஆடும் என்று சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள். சுவருக்கு நல்ல குளிர்! ஒரு பெண் நனைந்த துவாயைக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறார். இன்னொருவர் கதிரையில் ஒரு நிமிடம் இருந்து முழங்காலைப் பிசைகிறார். நாள் முழுக்க நின்ற நிலை. முன்பக்கத்தில் நிற்கும்போது இந்தப் பிசைதல் எங்களுக்குத் தெரிவதில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, சிரித்த முகத்தோடுதான் மேசைக்குப் போகிறார்கள். நடிகைகள் மேடைக்குப் போகுமுன் செய்கிற மாதிரித்தான்.

கூட்டம் வந்துவிட்டது. இப்போது என்னை மேசைக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான இடத்தில் செருகிவிட்டார்கள். இங்கிருந்து பார்த்தால் நாங்கள், அதாவது சாப்பிட வருகிற சனம், எவ்வளவு பகிடியாக இருக்கிறோம் தெரியுமா! தோசைக்கு நிற்கிறவர் பக்கத்துக்காரரின் தட்டையே பார்க்கிறார். ஒரு பெடியன் வரிசையில் நின்றுகொண்டே பாடம் மனனம் செய்கிறான், சோதினை போலும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் எல்லாவற்றையும் படம் எடுத்து, விலையைக் கேட்டுத் திகைத்து, திரும்பவும் கேட்கிறது. “ஓம் அண்ணை, அவ்வளவுதான். கூடத் தரப்போறியளெண்டா நாங்கள் வேண்டாமெண்டு சொல்லேல்லை” என்கிறார் வடைக்காரி. வரிசை முழுக்கச் சிரிக்கிறது.

பிறகு அந்த வயோதிபர் வந்தார். வெள்ளை வேட்டி, கசங்காத சேர்ட்டு, கையில் மடித்த குடை. இரண்டு அப்பம் கேட்டார், காசை எண்ணிக் கொடுத்தார். சரியான காசு, ஒரு ரூபா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்பக்காரி இரண்டைத் தட்டில் வைத்தார். அடுத்ததாகத் தாச்சியிலிருந்து எடுத்தது அருமையான அப்பம். விளிம்பு பொன்னிறமாக மொறுமொறுத்து, நடு பஞ்சு மாதிரி. நான் நின்ற இடத்திலிருந்து மட்டும் அவர் விரல் தெரிந்தது. பெருவிரலால் அந்த விளிம்பை மெல்ல அமத்தினார். மொறுக்கென்று பிய்ந்தது.

“அட, இது பிஞ்சு போச்சு ஐயா. விக்கேலாது. எறிய மனம் வரேல்லை, நீங்கள் சாப்பிடுங்கோ.”

ஐயா கொஞ்சம் அலுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். “கவனமா எடுக்கோணும் பிள்ளை, நட்டம் வரும்” என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனார்! “ஓம் ஐயா, இனிக் கவனமா எடுக்கிறன்” என்று இவர் பவ்வியமாகத் தலையாட்டினார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, “அவளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு அப்பம் பிய்யும். இன்னும் சுடப் பழகேல்லை” என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

யாழ்ப்பாணத்தானுக்குப் பசியைவிட ரோசம் பெரிது. அந்த ரோசத்துக்குக் காயம் படாமல் ஒரு அப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு எவ்வளவு நுட்பம் வேண்டும்! பெரிய மேடை போட்டு, பதாகை கட்டி, வாங்குகிறவரைப் படம் எடுத்து முகநூலில் போட்டுச் செய்யப்படும் உலருணவு விநியோகங்களை நாங்கள் எத்தனை பார்த்துவிட்டோம். அவற்றை ஒழுங்கு செய்கிறவர்கள் இந்தப் பெருவிரலிடம் வந்து ஒரு காலை நேரம் பாடம் கேட்கலாம்.

கூட்டம் கலைந்ததும் தேத்தண்ணி. பின்கட்டில் கவிழ்த்த வாளி, அரிசிச் சாக்கு, படிக்கட்டு என்று கிடைத்த இடத்தில் இருந்தோம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிக்கிறார்கள். தங்கள் பண்டம் சாப்பிடமாட்டார்களாம். “காலமை முழுக்க அதின்ர மணத்துக்கை நிண்டா வயிறு நிரம்பியிடும்.” வடைக்காரி மட்டும் புட்டும், புட்டுக்காரி மட்டும் வடையும் மாற்றிச் சாப்பிட்டதைக் கண்டேன்.

கதை எப்படியோ நுண்கடனுக்குப் போனது. அதுவரை இருந்த கலகலப்பில் கொஞ்சம் காற்று இறங்கிற்று. போர் 2009இல் முடிந்த பிறகு வடக்குக்கு நிதி நிறுவனங்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய காலம். பிணை வேண்டாம், சொத்து வேண்டாம். பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் போதும், ஒருத்திக்கு மற்றவர்கள் பிணை. பங்களாதேசத்தில் முகம்மது யூனுஸ் 1976இல் ஒரு கிராமத்தில் தொடங்கி, 2006இல் நோபல் பரிசு வரை போன யோசனையின் தூரத்துச் சொந்தம் இது. இங்கே வந்தபோது வட்டியும் வேறு, வசூலிக்கும் விதமும் வேறு. கிழமைக்குக் கிழமை தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும். “முந்தி அவளின்ர வீட்டை நான் சும்மா போவன், வல்லாரை ஆய்வன், கதைப்பன். லோன் எடுத்தாப் பிறகு என்னைக் கண்டா அவள் படலையைச் சாத்துவாள்” என்றார் ஒருவர். அயலட்டையின் அன்பையே அடகு வாங்கிக்கொண்டது அந்தக் கடன். நிலைமை முற்றி, 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யவும், வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு போடவும் வேண்டி வந்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன்னர் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

இவர்களும் சீட்டுக் கட்டுகிறார்கள். அதிலும் எல்லாரும் எல்லாருக்கும் பிணைதான். வித்தியாசத்தை அக்கா விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது: “சீட்டில நான் இந்த மாதம் எடுக்கவேணுமெண்டா மற்றவளிட்டக் கேக்கலாம். மகளுக்குச் சாமத்தியம், விட்டுத்தா எண்டு. அவள் விட்டுத்தருவாள். லோன்காரனிட்ட முறையை விட்டுத்தா எண்டு கேக்கேலுமே?” விட்டுத்தர ஆள் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அளவுகோல். வங்கி அறிக்கைகளில் இதற்கு ஒரு நிரல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

2022ஐக் கேட்காமல் வரமுடியுமா? அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9. காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் இரவு படுத்த கதைகள் ஒவ்வொருவரிடமும் இருக்கின்றன. ஆனால் சொல்கிற விதத்தைக் கேட்டால் ஏதோ சுற்றுலா போய்வந்த மாதிரி இருக்கிறது. “சிலிண்டர் வரிசையிலதான் இவளும் நானும் வடிவாப் பழகினது.” ஒருத்தி வரிசையில் நிற்க மற்றவள் அவளது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறாள். காஸ் இல்லாத நாள்களில் விறகு, பொச்சுமட்டை, பன்னாடை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு விறகடுப்பு ஒரு பெரிய விஷயமா? அந்தத் தலைமுறையைவிட மூத்த அக்காவுக்கு 1995 ஒக்ரோபர் 30 ஞாபகம் வருகிறது. வலிகாமமே போரில் இடம்பெயர்ந்து பெட்டி படுக்கையோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவு. தென்மராட்சியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கிணற்றில் பல குடும்பங்கள் முறை வைத்து அள்ளினார்களாம். “அந்த வீட்டுக்காரி எங்களிட்ட ஒரு சதம் வாங்கேல்லை. ஆனா தன்ர வாழைக்குத் தண்ணி இறைக்கச் சொல்லிக் கேட்டா. எனக்கு அதுதான் பெரிய ஆறுதல். நானும் அவவுக்கு ஏதோ செய்தனான்தானே.”

பார்த்தீர்களா, திரும்பவும் அதே கணக்கு! வாங்குகிறவளையும் கொடுக்கிறவள் ஆக்கிவிடுகிற கணக்கு.

இது இந்தப் பின்கட்டின் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. யாழ்ப்பாணம் கூட்டுறவில் ஊறிய மண். 1930களிலேயே மூளாயில் ஊர்ச்சனம் கூடிக் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையை எழுப்பிவிட்டது. யாழ் நகரில் நாடகமும் கூட்டமும் பார்க்கப் போகிற வீரசிங்கம் மண்டபம் இருக்கிறதே, அந்த வீரசிங்கம் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவர், கூட்டுறவு இயக்கத்தைத் தூக்கிப் பிடித்தவர். பெண்கள் பக்கம் பார்த்தால் தெல்லிப்பழையில் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி. 1925இல் பிறந்த ஆசிரியை. துர்க்கை அம்மன் கோயிலைத் தலையெடுக்கச் செய்து, அதன் நிழலிலேயே ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நடத்தினார். கோயில் உண்டியலுக்குப் போகிற காசு பிள்ளைகளின் தட்டுக்கும் கொப்பிக்கும் போக வழி வெட்டிய அம்மா அவர். 2008இல் மறைந்தார், இல்லத்துப் பிள்ளைகள் இன்றும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

கடல் தாண்டினால் பம்பாய். 1959 மார்ச் மாதம், கிர்காமில் ஒரு கட்டட மொட்டை மாடியில் ஏழு பெண்கள் எண்பது ரூபா கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். அதுதான் லிஜ்ஜத். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்குப் பத்மஸ்ரீ வந்ததே 2021இல்தான். அங்கே சேருகிற பெண்களை வேலையாள் என்று சொல்வதில்லை. எல்லாரும் சகோதரிகள், எல்லாரும் பங்குக்காரர். இந்தக் கதையை நான் தேத்தண்ணி நேரத்தில் சொன்னேன். எல்லாரும் வாய் பிளந்து கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். “எண்பது ரூபாக்கு உழுந்து வாங்கினவையே?” என்று ஒருவர் கேட்டார். அதிலிருந்து இப்போதைய உழுந்து விலைக்குக் கதை தாவி, லிஜ்ஜத் அங்கேயே கைவிடப்பட்டது.

மத்தியானத்துக்குப் பிறகு பின்கட்டின் முகம் வேறு. தாச்சிகள் கவிழ்ந்து கிடக்கின்றன. சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டு உரஞ்சுகிற சத்தம். கணக்குப் பார்க்கும் நேரம். ஐஸ்கிறீம் பெட்டிகளிலிருந்து காசு மேசையில் கொட்டப்படுகிறது. எண்ணும்போது யாரும் கதைக்கக்கூடாது என்பது சட்டம், எல்லாரும் கதைக்கிறார்கள் என்பது நடைமுறை. “முந்நூற்றி நாப்பது…” “எடி, மகளின்ர ரியூசன் எத்தினை மணிக்கு?” “நாலு மணிக்கு… ஐயோ, நாலோ முந்நூறோ!” திரும்ப முதலிலிருந்து. இதை நான் பார்த்துச் சிரித்ததில் என் கையில் இருந்த தட்டு நழுவியது. அதையும் யாரோ பாய்ந்து பிடித்தார்கள்.

புட்டுக்காரியின் பெட்டி அன்றைக்குக் கொஞ்சம் இலேசு. மழை இருட்டாக இருந்ததால் சனம் தோசைப் பக்கமே போய்விட்டது. மிஞ்சிய புட்டைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார். அடுத்த நிமிடம் ஒவ்வொருவராக வந்து, “என்ர வீட்டுக்கு ரெண்டு பேருக்குக் கட்டு”, “எனக்கு மூண்டு” என்று காசை வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் இரவுக்குச் சமைக்கத் தேவை இல்லை, அதனால்தான் வாங்குகிறோம் என்று காரணம் வேறு! தோசைக்காரி கேட்டது ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும். அவர் வீட்டில் அவரும் மகனும் மட்டும்தான் என்று அக்கா பிறகு என் காதில் போட்டார்.

சோடித்துச் சொல்ல விரும்பவில்லை. வருமானம் பெரிதல்ல. கடையில் வாங்கும் சாமான் விலை ஏறும்போதெல்லாம் இலாபம் மெலிகிறது. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய உழைப்பு போயிற்று. மற்றவர்கள் அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டால்தான் உண்டு. சண்டையும் வரும். நான் நின்ற நேரத்திலேயே தண்ணீர்க் குழாய்க்கு யார் முதல் என்று ஒரு வாய்த்தர்க்கம் நடந்தது, அரை மணி நேரம் இருவர் முகம் பார்க்கவில்லை, பிறகு ஒருவர் மற்றவரின் சேலைத் தலைப்பில் பட்ட மாவைத் தட்டிவிட்டார், முடிந்தது. சேர்ந்து வேலை செய்வதென்றால் இதுவும் சேர்ந்ததுதான். பரோபகாரம் என்று பெரிய சொல் எதையும் அவர்கள் வாயால் நான் கேட்கவில்லை. ‘முறை’, ‘மாத்து’, ‘பாத்துக்கொள்ளு’, இந்த மூன்றையும்தான் காலை முழுக்கக் கேட்டேன்.

யாழ்ப்பாணம் வந்தால் திருநெல்வேலிக்குப் போங்கள். காலையிலேயே போங்கள்; சூடான பண்டத்துக்கு நிற்கவேண்டித்தான் வரும், நில்லுங்கள். விலை பேசாதீர்கள், ஏற்கனவே அது உங்களுக்காகக் குறைக்கப்பட்ட விலை. ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டி அவர்களைச் சில்லறைக்கு ஓட விடாதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு போய் வையுங்கள். புட்டு மிஞ்சியிருக்கிற மாதிரித் தெரிந்தால், பசி இல்லாவிட்டாலும் ஒரு பார்சல் கட்டச் சொல்லுங்கள்.